முகப்பைப் பார்த்துவிட்டோம், கொல்லைப்பக்கத்தைக் காட்டுங்கள்

கடலூர் மாநகராட்சி மேயர், ஆணையர், 45 வார்டு மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும், கூடவே நம் கடைத்தெரு வியாபாரிகளுக்கும் வணக்கம்.

திருப்பாப்புலியூர் கடைத்தெருவில் பூட்டிக் கிடக்கும் பழைய அரிசி மண்டி இடத்தில் பெரிய சூப்பர் மார்க்கெட் வரப்போகிறது என்று பேச்சு. தகரத் தடுப்பு அடித்து, அதன்மேல் ஒரு பேனரும் கட்டிவிட்டார்கள். மூன்று மாடி, முழுக்கக் கண்ணாடி, வாசலில் இரண்டு தென்னை மரம், ஒரே ஒரு கார். படத்தில் இருக்கும் தெருவில் மாடு இல்லை, தள்ளுவண்டி இல்லை, முழம் போடும் பூக்காரம்மா இல்லை. ஊரடங்கு நாளில்கூட எங்கள் தெருவை நான் அவ்வளவு காலியாகப் பார்த்ததில்லை.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வியாபாரிகள் அரை நாள் ஷட்டரை இறக்கிவிட்டு மனுக் கொடுத்தார்கள். கூத்தப்பாக்கம், செம்மண்டலம் பக்கம் புதிதாக வீடு கட்டி வந்தவர்கள், "இதற்காகப் பாண்டிச்சேரி வரைக்கும் போகிறோம், இங்கேயே வந்தால் நல்லதுதானே" என்கிறார்கள். என் வீட்டிலும் இதே சண்டைதான். "அத்தை, உங்க மளிகைக் கடையில ஒரு பொருள கையில எடுத்துப் பாக்க முடியுமா? கேட்டாதான் எடுத்துக் கொடுப்பாங்க. எடுத்துக் கொடுத்துட்டா வாங்கியாகணும்" என்றாள் மருமகள். எனக்குப் பதில் வரவில்லை. நாப்கின் கேட்ட பெண்ணுக்கு அதைத் தினத்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் திணித்து, ஏதோ திருட்டுச் சாமான் போலக் கொடுத்த கடையில்தானே நான் வேலை பார்த்தேன்.

இதே தெருவில் ஒரு மொத்த சில்லறை மளிகைக் கடையில் 27 வருடம் கணக்கு எழுதினேன். கல்லாவுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மர ஸ்டூல். அதில் உட்கார்ந்தபடி பார்த்ததையும் எழுதியதையும் வைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். எனக்குச் சொந்தக் கடை கிடையாது. வருகிற கடையிலும் எனக்கு ஆள் கிடையாது.

முதலில் கடன் நோட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சூப்பர் மார்க்கெட்டை எதிர்க்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். "பில் மெஷின் கடன் கொடுக்குமா? நாங்கள் கொடுக்கிறோம்" என்கிறார்கள். உண்மைதான். தேவனாம்பட்டினத்திலிருந்தும் தாழங்குடாவிலிருந்தும் எங்கள் கடைக்கு வரும் வீடுகளுக்கெல்லாம் தனித்தனிப் பக்கம் இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், வீட்டில் உலை கொதிக்க வேண்டும். அந்த இரண்டு மாதம் அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் நோட்டில்தான் போகும். ஜூன் கடைசியில் ஒவ்வொருவராக வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுப்பார்கள். பக்கத்தின் குறுக்கே நான் ஒரு கோடு அடிப்பேன். அந்தக் கோட்டை அடிக்கும்போது எதிரில் நிற்கிறவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த நோட்டுக்குள் இன்னொரு கணக்கும் இருந்தது. காசு கொடுத்து வாங்குகிறவருக்கு ஒரு விலை, நோட்டுக்காரருக்கு ஒரு விலை. கிலோவுக்கு இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் கூடும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. முதலாளி கண்ணைக் காட்டுவார், நான் எழுதுவேன். கடன் இருக்கிற வரைக்கும் அவள் வேறு கடைக்குப் போகவும் முடியாது. பாக்கியை வைத்துக்கொண்டு எதிர்க்கடை வாசலில் எப்படி நிற்பது? தூக்கிவிட்டதும் அந்த நோட்டுதான், கட்டிப்போட்டதும் அந்த நோட்டுதான்.

தானே புயல் அடித்தது 2011 டிசம்பர் 30. மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. எங்கள் முதலாளி பாதி ஷட்டரைத் தூக்கிவிட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில், முகம் தெரியாதவர்களுக்குக்கூடப் பேர் மட்டும் கேட்டுக்கொண்டு அரிசி அளந்தார். அதே வாரத்தில் அதே மனிதர் அந்த மெழுகுவத்தியை மூன்று மடங்கு விலைக்கு விற்றார். இரண்டையும் என் கையால் எழுதியிருக்கிறேன். கடைத்தெரு என்றால் கருணை என்று பேசுகிறவர்களுக்கும், கொள்ளை என்று பேசுகிறவர்களுக்கும் இந்த ஒரு வாரக் கணக்கைக் காட்டினால் போதும்.

அதனால் வியாபாரிகளே, "பாரம்பரியம்" என்ற சொல்லைக் கொஞ்ச நாள் ஓரம் வையுங்கள். நம் ஜனங்களுக்கு அது காதில் விழவில்லை. விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறதா, தராசில் இந்த வருட முத்திரை இருக்கிறதா, பில் கிடைக்குமா என்றுதான் பார்க்கிறார்கள். மின்னணுத் தராசுக்கு வருடா வருடம் முத்திரை வாங்க வேண்டும் என்பது சட்டம். எத்தனை பேர் அதை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி திருப்பி வைத்திருக்கிறீர்கள்? தராசின் எண் தெரியும் பக்கத்தையே கடலைமிட்டாய் பாட்டிலால் மறைத்து வைத்த கடைகள் இருக்கின்றன. மே 5 வணிகர் தினத்துக்குக் கடையடைத்துவிட்டு மாநாட்டுக்குப் போகிறோமே, அதில் ஒரு பத்து நிமிடம் இதையும் பேசலாம்.

இனி பெரிய கடையின் பக்கம். சர்க்கரையையும் எண்ணெயையும் வாங்கின விலைக்கே தருவார்கள். அது தர்மத்துக்கு அல்ல, ஆளை உள்ளே இழுக்க. லாபம் எல்லாம் பிஸ்கட், ஷாம்பு, மசாலாவில். இந்த வித்தையை எங்கள் முதலாளியும் செய்தார், சின்ன அளவில். வித்தியாசம் எங்கே என்றால் கடனில். பெரிய கடைக்குக் கம்பெனிக்காரன் சரக்கை இறக்கிவிட்டு மாதக்கணக்கில் பணத்துக்குக் காத்திருப்பான். எங்கள் கடைக்கு வரும் டிஸ்ட்ரிபியூட்டர் பையன் போன வாரப் பாக்கியை வாங்காமல் இந்த வார அட்டைப்பெட்டியை வண்டியிலிருந்து இறக்கமாட்டான். இந்த ஏற்றத்தாழ்வை மாநகராட்சி சரிசெய்ய முடியாது, அது எனக்குத் தெரியும். அதற்கான இடம் சென்னையும் டெல்லியும்.

உங்கள் கையில் இருப்பது வேறு. மண்டி இடத்தின் கொல்லைப்பக்கம். அதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

மூன்று மாடிக் கடை ஒன்று பசியோடு இருக்கும். தினமும் அதற்குத் தீனி வர வேண்டும்: பால் வண்டி விடியற்காலையில், காய்கறி அதற்குப் பின், பிறகு எண்ணெய், பருப்பு, தண்ணீர் கேன், ஐஸ்கிரீம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்டி. இதெல்லாம் எங்கே நின்று இறக்கும்? பேனரில் அது இல்லை. பேனரில் இருப்பது அந்த ஒரு கார் மட்டும்தான்.

ஒரு முகூர்த்த நாள் நடந்ததைச் சொல்கிறேன். திருவந்திபுரத்தில் கல்யாணம் என்றால் நம் தெரு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பருப்பு மூட்டையோடு ஒரு குட்டியானை வண்டி வந்து எங்கள் கடை வாசலில் நின்றது. லோடுமேன் இரண்டே பேர். ஆறாவது மூட்டை இறங்கும்போது பின்னால் பூ ஒட்டிய மாப்பிள்ளை கார், அதன் பின்னால் டவுன் பஸ், அதன் பின்னால் என்ன இருந்தது என்று தெரியவில்லை, ஹாரன் மட்டும் கேட்டது. இருபது நிமிடம். மாப்பிள்ளையின் அம்மா காரிலிருந்து இறங்கி வந்து, "இருக்கிறதே இருக்கோம்" என்று மறந்துபோன கற்பூரமும் வெற்றிலைப் பாக்கும் எங்கள் கடையிலேயே வாங்கினார். மாப்பிள்ளை கழுத்தில் மாலையோடு கீழே நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். அன்று எல்லோரும் சிரித்தோம். அது ஒரு குட்டியானை. பெரிய கடைக்கு வருவது ஆறு சக்கர லாரி.

2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. தெருவின் அகலத்துக்கு எவ்வளவு கட்டலாம், நான்கு பக்கமும் எவ்வளவு இடம் விட வேண்டும், கடையின் பரப்பளவுக்கு எத்தனை வண்டி நிற்க இடம் காட்ட வேண்டும், எல்லாம். காட்டுவதும் நடக்கும். கட்டடம் எழும்பி, திறப்பு விழா முடிந்து, நாதஸ்வரக்காரர் வீட்டுக்குப் போன மறுமாதம் அந்தப் பார்க்கிங் தளத்துக்குள் அட்டைப்பெட்டி ஏறும். ஆறு மாதத்தில் அது குடோன். வண்டியெல்லாம் தெருவில். தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கடைத்தெருவில் இதைப் பார்க்கவில்லை சொல்லுங்கள்? வரைபடத்துக்கு அனுமதி கொடுப்பதோடு உங்கள் வேலை முடிந்துவிடாது. ஒரு வருடம் கழித்து யார் போய்ப் பார்ப்பார், பார்க்கிங் குடோனாகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதை அனுமதி கொடுக்கும் முன்பே எழுத்தில் சொல்லுங்கள்.

அடுத்தது தண்ணீர். தரைக்குக் கீழே ஒரு தளம் தோண்டப்போகிறார்கள் என்று மேஸ்திரி ஒருவர் சொன்னார். இது கெடிலம் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஊர். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீட்டுக் கிணற்றில் குனிந்து வாளியை விட்டாலே தண்ணீர் வரும். அப்படிப்பட்ட மண்ணில் தோண்டிய பள்ளத்தில் ஊறுவதை மோட்டார் வைத்து இறைக்காமல் எப்படி? இறைத்த தண்ணீரை எந்தக் கால்வாயில் விடுவார்கள்? எங்கள் தெருக் கால்வாய் ஒரு சாதாரண மழைக்கே மூச்சு முட்டும். 2015 மழையை நாம் யாரும் மறக்கவில்லை. 2024இல் ஃபெஞ்சல் புயல் முடிந்து, சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது ஊரின் அந்தப் பக்கம் எப்படிக் கிடந்தது என்பதையும் பார்த்தோம். மழைநீர் சேகரிப்பு 2003லிருந்தே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். பெயருக்கு ஒரு குழாயை மொட்டைமாடியிலிருந்து இறக்கிக் கால்வாயில் விட்டுவிட்டு, அதற்குச் சேகரிப்பு என்று பேர் வைப்பது வழக்கம். மூன்று மாடிக் கூரையில் விழும் மழை எங்கே போய்ச் சேருகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கோடு என் தெருவில் முடிந்தால் எனக்குச் சம்மதமில்லை.

நம் ஊரை அளந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1690இல் ஆங்கிலேயர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு விழுந்த இடம்வரைக்கும் எங்கள் எல்லை என்றார்களாம். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பேரெல்லாம் இன்னும் இருக்கிறது. அது அந்தக் காலம். இன்று டேப் இருக்கிறது, சர்வேயர் இருக்கிறார், நகரமைப்புப் பிரிவு இருக்கிறது. ஒரு லாரி திரும்புவதற்கு எத்தனை அடி வேண்டும், தெருவில் எத்தனை அடி இருக்கிறது என்பதை அளக்கப் பீரங்கி வேண்டியதில்லை.

மண்டி வாசல் படியில் இப்போது நான்கைந்து பெண்கள் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறார்கள். கீரை, முருங்கைக்காய், பூ, சீசனில் பண்ருட்டி பலாச்சுளை. மண்டி பூட்டியதால்தான் அவர்களுக்கு அந்தப் படி கிடைத்தது, எனவே அது அவர்கள் இடமில்லை என்று பெரிய கடையின் தரப்பில் சொல்கிறார்கள். படி அவர்களுடையது இல்லைதான். ஆனால் தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014இல் வந்த மத்திய சட்டம் ஒன்று இருக்கிறது. கணக்கெடுத்து, சான்று கொடுத்து, இடம் ஒதுக்காமல் ஒருவரையும் கிளப்பக் கூடாது என்கிறது அது. அதற்கென்று அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் பத்துக்கு நான்கு பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தக் குழுவைக் கூட்டி இந்த நான்கைந்து பேரைக் கூப்பிட்டுக் கேட்டீர்களா? முருங்கைக்காய் விற்கிற அம்மாவிடம் நான் கேட்டேன். "கண்ணாடிக் கடை வாசல்ல நம்மள உக்கார விடுவாங்களாம்மா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். பேனர் படத்தைப் பார்த்தால் விடமாட்டார்கள் என்றுதான் தெரிகிறது.

ஸ்டூலைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதில் ஒரு பாக்கி இருக்கிறது. 27 வருடம் நான் உட்கார்ந்திருந்தேன், கணக்கு எழுதுகிறவள் என்பதால். பொட்டலம் கட்டிய பெண்கள் இருவர் காலை எட்டரை முதல் ராத்திரி ஒன்பது வரை நின்றார்கள். ஒருத்திக்கு முப்பத்தைந்து வயதிலேயே காலில் நரம்பு சுருண்டுகொண்டது. அவள் கொஞ்சம் உட்காரட்டும் என்று நான் ஸ்டூலை விட்டு எழுந்தால் முதலாளி என்னை ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான், நானும் மறுபடி உட்கார்ந்துகொள்வேன். இதில் எனக்கும் வெட்கம் உண்டு. 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்றது. பெரிய கடை வந்தால் நூறு பேருக்கு வேலை என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். நல்லது, வரட்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் சென்னைக்கு ரயிலேறுவது குறையட்டும். அந்த நூறு பேருக்கும் நாற்காலி எங்கே என்று திறப்பு விழாவுக்கு முன்பே தொழிலாளர் துறையிடம் கேட்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் கடைக்கு மட்டுமல்ல, எங்கள் பழைய கடைக்கும் சேர்த்து.

இப்போது நான் உங்களிடம் கேட்பது. கடையே வரக்கூடாது என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன். போன வாரம் மனுவோடு வந்தவர்களைக் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு வரவேற்கவும் மாட்டேன். வரைபடம் உங்கள் நகரமைப்புப் பிரிவில் இருக்கிறதா, மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் இருக்கிறதா என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுகிறார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, முப்பது நாள் காத்திருந்து பார்க்க வேண்டிய ரகசியமா இது? எந்த மேஜையில் இருந்தாலும் சரி, பெரிதாக நகலெடுத்து, தமிழில் எழுதி, அந்தப் பேனருக்குப் பக்கத்திலேயே தகரத் தடுப்பில் ஒட்டுங்கள். லாரி வரும் வழி, இறக்கும் இடம், வண்டி நிறுத்தும் இடம், ஜெனரேட்டர் வைக்கும் மூலை (அதன் புகைக்குழாய் எந்த வீட்டு ஜன்னலைப் பார்க்கிறது என்பதும்), மழைத்தண்ணீர் போகும் பாதை, குப்பை எடுக்கும் நேரம், இவ்வளவும் தெரியும்படி.

அதன்பின் வார்டு மக்கள் கூடிப் பேசும் எங்கள் பகுதி சபையைக் கூட்டுங்கள். நவம்பர் 1 உள்ளாட்சி தினம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கல்யாண மண்டபத்தில் வேண்டாம், தெருவிலேயே வையுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு, முகூர்த்த நாளாகப் பார்த்து. கட்டப்போகும் கம்பெனியின் ஆளையும் கூப்பிடுங்கள். நாற்காலி போட்டு அவரை நடுவில் உட்காரவைத்து, ஒரு மணி நேரம் ஹாரன் சத்தத்தைக் கேட்கவிட்டால் பாதிக் கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிடுவார். வியாபாரிகள் தரப்பில் வருகிறவர்கள் அவரவர் தராசையும் எடுத்துக்கொண்டு வரலாம்.

தினமும் காலை ஆறரைக்குக் கீரை வாங்க மண்டி வாசலுக்கு வருவேன். கண்ணாடி பையில்தான் இருக்கும். வரைபடத்தை என்றைக்கு ஒட்டினாலும் அன்றே படித்துவிடுவேன்.

இப்படிக்கு,
கடைத்தெருவில் கணக்கு எழுதிய ஒருத்தி,
புதுப்பாளையம், கடலூர்.